கார் திருடு போய்விட்டது, டிராக்கர் ஆஃப்லைன் – அவசரம்

வேலூர்வாசி: காலையில் பார்த்தால் வாசலில் கார் இல்லை. ஜிபிஎஸ் டிராக்கர் வைத்திருக்கிறேன், ஆனால் ஆப்பில் ஆஃப்லைன் என்றே வருகிறது. எப்படி ஆன் செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மெக்கானிக் பாண்டி: என்ன டிராக்கர் சார்? ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுவதா, ஒயரிங் பண்ணியதா? செருகுவது என்றால் திருடன் முதலில் பிடுங்குவதே அதைத்தான்.

கேராஜா: சிக்னலைத் தடுக்கும் ஜாமர்தான், சந்தேகமே வேண்டாம்.

அனு: 112க்குச் சொல்லிவிட்டீர்களா? கடைசி லொக்கேஷன் எங்கே, எத்தனை மணிக்கு?

வேலூர்வாசி: கம்ப்ளைன்ட் கொடுத்தாச்சு. வீட்டு வாசலையே காட்டுகிறது, ராத்திரி 11.58.

சீனியர் சிவா: இதற்கு எத்தனை தடவை பதில் எழுதுவது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, ஜிபிஎஸ் சாட்டிலைட் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அதை உங்கள் போனுக்கு அனுப்ப உள்ளே ஒரு சிம் வேண்டும். எந்த சிம்? ஜியோ என்றால் 2ஜி டிராக்கர் பெட்டியில் வேலையே செய்யாது.

அனு: நேற்று ராத்திரி வரை வேலை செய்திருக்கிறதே சிவா சார். சரியாக 12 மணியோடு நின்றால் சிம்மின் ரீசார்ஜ் பேக் முடிந்திருக்கும். டிராக்கர் சிம் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுப் பாருங்கள், நம்பர் தெரியாவிட்டால் மாட்டிக் கொடுத்தவரைக் கேளுங்கள். ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் ஏதாவது வந்திருக்கிறதா?

வேலூர்வாசி: ஆமாம்!! 3.20க்கு பள்ளிகொண்டா டோலில் பணம் பிடித்திருக்கிறது.

கேராஜா: உடனே ஃபாஸ்டேக்கை பிளாக் செய்யுங்கள்.

மெக்கானிக் பாண்டி: ஐயோ வேண்டாம். அடுத்து வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று அதுவே வழி சொல்லிக்கொண்டு போகும், டோல் காசு போனால் போகிறது. அந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்டேஷனில் காட்டுங்கள்.

கேராஜா: லொக்கேஷன் வந்ததும் ஆப்பிலிருந்தே இன்ஜின் கட் கொடுத்துவிடுங்கள், டிராக்கரில் இன்ஜினை நிறுத்தும் ரிலே ஸ்விட்ச் இருக்குமே.

மெக்கானிக் பாண்டி: ஓடுகிற வண்டியிலா? ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதியில் இறுகிவிடும். பின்னால் வருகிற லாரிக்காரன் என்ன பாவம் செய்தான்?

சீனியர் சிவா: நல்ல பெட்டி வேகம் குறைந்த பிறகுதான் கட் செய்யும். இதுகூடத் தெரியாமல்...

மெக்கானிக் பாண்டி: நல்ல பெட்டி சார். நம் ஆட்கள் வாங்குவது எந்தப் பெட்டி என்று பட்டறைக்கு வந்து பாருங்கள்.

கேராஜா: இதற்குத்தான் ஆப்பிளின் குட்டி டிராக்கர் ஏர்டேக் போதும் என்கிறேன்.

அனு: பக்கத்தில் ஐபோன் இருந்தால்தான் அது இடம் சொல்லும். திருடனிடமே ஐபோன் இருந்தால் 'உங்களோடு ஒரு ஏர்டேக் வருகிறது' என்று அவனுக்கே எச்சரிக்கை போகும்.

வேலூர்வாசி: ரீசார்ஜ் போட்டேன், வந்துவிட்டது. ஓசூர் பக்கம் நிற்கிறது. ஸ்டேஷனில் இருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

அனு: தனியாகப் போய் நிற்காதீர்கள், போலீஸோடு போங்கள்.

சீனியர் சிவா: எந்த சிம் என்று கடைசி வரை சொல்லவே இல்லை பாருங்கள்.