நேர்ரோட்டு முடிவுலதான் எஞ்சின் பிடிக்குது

பொள்ளாச்சி:
கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயோ வேற ரேஸ் டிராக்கோ, பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி உச்ச வேகத்துல பிடிக்கறதை (பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டர்ல இறுகிக்கறதை) விட, வளைவு வந்து ஆக்சிலேட்டரை மூடறப்பப் பிடிக்கறதுதான் அதிகமுங்க. ஆயில் பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டற யமஹா ஆர்எக்ஸ் 100-ல, ஆக்சிலேட்டரை மூடி கார்புரேட்டர் சிலைடு இறங்குனா பெட்ரோலும் ஆயிலும் ஒண்ணா நின்னுபோகும். எஞ்சின் இன்னும் 8,000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 8,000 சுத்து) சுத்திட்டிருக்கும். பிஸ்டன் அலுமினியம், அது உரசி ஓடற சிலிண்டர் லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ரெண்டு மடங்கு கிட்ட விரியும். விட்டிருந்த 0.05 மி.மீ. இடைவெளி காணாமப் போயிரும்.

பிரேக் பிடிக்கறப்பவும் ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு விடுங்க. ரெண்டு விரல் கிளட்ச் மேலயே இருக்கோணும். சத்தம் திடீர்னு அமுங்கி, பின்னாடி யாரோ இழுக்கற மாதிரி தெரிஞ்சா அந்த நொடியே கிளட்சைப் பிடிச்சிரோணும்.

ஈரோடு:
பொள்ளாச்சி அண்ணன் சொல்றது சரிங்க. ஆனா அதுக்கு முன்னாடியே எஞ்சின் அளவு மீறிச் சூடாகியிருக்கும், பாதிக்கு மேல மெயின் ஜெட்டுதான் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளை) காரணம். மத்தியான வெயில்ல செட் பண்ணுன ஜெட்டோட மார்கழிக் காலைல இறங்குனா, குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும், பெட்ரோல் பத்தாம எஞ்சின் சூடேறும். ஒரு சைஸ் பெருசு போடோணும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் அப்படித்தான்.

பயந்துட்டு ஆயிலை லிட்டருக்கு 33 மி.லி.யிலிருந்து 50 ஆக்கிட்டு ஜெட்டை மாத்தாம விடறாங்க. அதே துளைல ஆயில் கூடப் போனா பெட்ரோல் கம்மியாத்தான் போகும். பாதுகாப்புன்னு நெனைச்சுச் செஞ்சதே பிஸ்டனைத் தின்னுரும்.

புது பிளக் போட்டு, டாப் கியர்ல முழு ஆக்சிலேட்டர்ல விட்டு, அதை மூடாமயே கிளட்சையும் இக்னிஷனையும் ஒண்ணா வெட்டி, வண்டிய உருட்டிட்டு வந்து பிளக்கைக் கழட்டுங்க. பீங்கானோட அடியில காப்பிக்கொட்டை நிறத்துல வளையம் தெரிஞ்சா நல்லது. வெளுத்துப் போயி, மணல் மாதிரி அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்தா பிஸ்டன் உருக ஆரம்பிச்சாச்சு. பெரிய ஜெட்டுக்கும் வெளுப்பு மாறலைன்னா மேக்னட் பக்கத்து ஆயில் சீலைப் பாருங்க, அது வழியாக் காத்து உறிஞ்சும்.

திருப்பூர்:
வேகக் கணக்கு: டாப் கியர் மொத்த விகிதம் 8 (எஞ்சின் 8 சுத்துக்குச் சக்கரம் ஒரு சுத்து), டயர் சுற்றளவு 1.8 மீட்டர், 8,000 ஆர்பிஎம்னா சக்கரம் நிமிஷத்துக்கு 1,000 சுத்து, மணிக்கு 108 கி.மீ. நேர்ரோடு பாதியிலயே ஆர்பிஎம் முட்டுச்சுன்னா பின் ஸ்ப்ராக்கெட்ல (செயின் பல்சக்கரம்) ஒவ்வொரு பல்லாக் குறைங்க. முன்னாடி ஒரு பல் கூட்டறது பின்னாடி சுமார் 3 பல் குறைக்கறதுக்குச் சமம், ஒரேயடியா அதுல போகாதீங்க.

ஆர்எக்ஸ் 9,000 தாங்குதுன்னு எஸ்டி (யெஸ்டி) 250 பைக்கை அப்படி முறுக்கக் கூடாதுங்க. ஆர்எக்ஸ் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு பக்கமாப் போற தூரம்) 50 மி.மீ., எஸ்டி 75. ஆர்எக்ஸ் பிஸ்டன் 9,000-ல தொடற சராசரி வேகம், வினாடிக்கு 15 மீட்டர், எஸ்டிக்கு 6,000-லயே வந்துரும்.

பொள்ளாச்சி:
பிடிச்சதும் லேத்துக்கு ஓடாதீங்க, மொதல்ல பிஸ்டனைப் பாருங்க. நாலு மூலைல கோடுன்னா வார்ம்-அப் பத்தலை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்னா ஜெட். சுத்தியும் இருந்தா ஆயில் பத்தலை.

லைனர்ல ஒட்டுன அலுமினியத்துல காஸ்டிக் சோடா கரைசலைத் துணியில தொட்டுத் தடவுனா நுரைச்சுக் கரையும். வெளி ஃபின்லயும் போர்ட்டுலயும் படக் கூடாது, அதுவும் அலுமினியம். கையுறை, கண்ணாடி போட்டு, காத்தோட்டமான எடத்துல செய்யுங்க. நுரை நின்னதும் கழுவி, லேசா ஹோனிங் பண்ணி (தேய்ப்புக் கல்லுல உள்பக்கம் தேய்ச்சு), உடனே எண்ணெய் தடவிருங்க. நகம் மாட்டற கோடு இன்னும் இருந்தா மட்டும் லேத்துல போர் பண்ணி 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன்.