மிட்வைஃப் லைசென்ஸ் எடுக்க என்ன படிக்கணும்? அவசரம், வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்

களக்காடு_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். மிட்வைஃப் லைசென்ஸ் எடுக்க என்ன படிக்கணும்? ஜங்ஷன் பக்கம் ஒரு இடத்துல ஆறு மாசத்துல முடிச்சித் தாரோம்னு சொல்லுதாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் தவணை கட்டணுமாம். கட்டலாமா வேண்டாமா? நம்ம பக்கம் யாராவது படிச்சிருந்தா சீக்கிரம் சொல்லுங்க.

வள்ளியூர்_முத்து:
பிளஸ் டூல எந்த குரூப்? மார்க் எவ்வளவு? வயசு என்ன? இது தெரியாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

தாமிரபரணி_நர்ஸ்:
நோட்டீஸ்ல கோர்ஸ் பேரு என்ன போட்டிருக்கு? சர்டிபிகேட்ல யார் கையெழுத்து போடுதாங்க? அதைச் சொல்லுங்க தங்கச்சி. அதுவரைக்கும் ஒரு ரூபா கட்டாதீங்க.

பாளை_டியூட்டர்:
இந்தக் கேள்விக்கு இங்கேயே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. யாரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

நம் நாட்டில் ஆறு மாதத்தில் மிட்வைஃப் பதிவு வாங்கித் தரும் படிப்பு எதுவும் கிடையாது. பிரசவம் பார்க்கும் தகுதி நர்சிங் படிப்போடு சேர்ந்துதான் வருகிறது. ஏ.என்.எம். (துணை செவிலியர், மிட்வைஃப் படிப்பு) 2 வருடம், அதில் கடைசி 6 மாதம் இன்டர்ன்ஷிப். ஜி.என்.எம். (பொது நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ) 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ முடித்துவிட்டு, சென்னை சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். ஜி.என்.எம்., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டு பதிவும் கிடைக்கும். இந்த ஏற்பாடு 1926-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருவது. அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ராதாபுரம்_சுதா:
டியூட்டர் சார் சொல்லுதது சரிதான், ஆனா எங்க மதினிக்கு பி.ஹெச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) 21 நாள் டிரெய்னிங் குடுத்தாங்க. அதுக்குப் பெறவு டெலிவரி எல்லாம் அவங்கதான் பாக்காங்க. செல்வியும் அதையே கேட்டுப் பாக்கலாமே? ஆறு மாசமே தேவைப்படாது.

தாமிரபரணி_நர்ஸ்:
சுதா, அது எஸ்.பி.ஏ. பயிற்சி, பிரசவம் பாக்குத திறமையைக் கூட்டக் குடுக்கது. ஏற்கனவே ஏ.என்.எம்., எல்.ஹெச்.வி. (பெண் சுகாதார பார்வையாளர்), ஸ்டாஃப் நர்ஸ்னு வேலையில இருக்கவங்களுக்கு அரசாங்கம் குடுக்குது. உங்க மதினி கவுன்சில் நம்பரோடதான் அங்க போயிருப்பாங்க. வெளியில இருந்து போயி அதுல சேர வழியே இல்ல. தனியார் ஆளுங்க இந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளைங்களை இழுக்காங்க, அதனால இதைத் தெளிவா வச்சிக்கிடுவோம்.

குமரி_டு_லண்டன்:
வெளிநாட்டுக்குப் பாருங்க சிஸ்டர். பிரிட்டன்ல மிட்வைஃப்னா தனி மரியாதை, டாக்டர் இல்லாமலே பிரசவம் பாக்காங்க. இங்க ஏ.என்.எம். முடிச்சி என்ன ஆகப் போவுது?

வள்ளியூர்_முத்து:
அண்ணாச்சி, பிரிட்டன்ல நர்ஸ் பதிவு வேற, மிட்வைஃப் பதிவு வேற. நம்ம ஊர்ல ரெண்டும் சேர்த்துப் படிச்சிட்டுப் போறவங்க பெரும்பாலும் நர்ஸாத்தான் பதிவாகுதாங்க. அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமைக்கு வழி கேக்குது, நீங்க லண்டனுக்கு டிக்கெட் போடுதீங்க.

களக்காடு_செல்வி:
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். பிளஸ் டூ காமர்ஸ். அதுக்குப் பெறவு தனியார்ல ஒரு வருஷம் நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ். வயசு 29. ஒரு ஆஸ்பத்திரியில லேபர் வார்டுல ஹெல்ப்பரா இருக்கேன். கவுன்சில் நம்பர் இருந்தாத்தான் இனிமே வச்சிக்கிட முடியும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கு இந்த வேலையை விட மனசில்ல. நோட்டீஸ்ல 'டிப்ளமோ இன் மிட்வைஃபரி, கவர்ன்மெண்ட் லைசென்ஸ் உறுதி'ன்னு போட்டிருக்கு. அசிஸ்டென்ட் சர்டிபிகேட் இருக்கதால எனக்கு ஆறு மாசம் போதுமாம்.

தாமிரபரணி_நர்ஸ்:
இப்பத்தான் விவரம் புரியுது. டாக்டரம்மா மேல தப்பு இல்ல. 1997-ல வந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018-ல விதிகள் போட்ட பெறவு, தனியார் ஆஸ்பத்திரியும் பதிவு வாங்கணும், தகுதியான ஆள் வச்சிருக்கணும்.

நீங்க முடிச்ச அசிஸ்டென்ட் கோர்ஸ் கவுன்சில் கணக்குல வராது. வருத்தமாத்தான் இருக்கும், ஆனா இப்பவே தெரிஞ்சிக்கிட்டா நல்லது. அதை வச்சி ஆறு மாசம் குறைக்க எந்த விதியும் இல்ல.

காமர்ஸ் எடுத்ததால ஏ.என்.எம். போக முடியாதுன்னு நினைச்சிராதீங்க. கலைப்பிரிவு படிச்சவங்களும் சேரலாம், 35 வயசு வரைக்கும் இடம் உண்டு. ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஆங்கிலத்தோட 40 சதவீதம் போதும், ஆனா அரசுப் பள்ளி சீட்டுக்கு அறிவியல் குரூப் கேப்பாங்க. பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாம முடியாது. அதனால உங்களுக்கு நேரா இருக்கது ஏ.என்.எம். அதை முடிச்சிப் பதிவு பண்ணுனா கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போது போடலாம். பின்னால ஜி.என்.எம்.மும் சேரலாம், பதிவு பண்ணுன ஏ.என்.எம்.முக்கு அங்க வயசு தடையா நிக்காது.

அந்த இன்ஸ்டிடியூட்ல போயி ரெண்டு கேள்வி கேளுங்க. கவுன்சில் லிஸ்ட்ல உங்க பள்ளி பேரு எங்க இருக்கு? பிரசவ போஸ்டிங், அதாவது நேர்ல நின்னு படிக்கிற பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில? ரெண்டாவதுக்கு ஆஸ்பத்திரி பேரைச் சொல்லாம மழுப்புனாங்கன்னா எழுந்து வந்திருங்க.

ஏன்னு சொல்லுதேன். நான் ஜி.என்.எம். படிக்கையில கேஸ் புக்னு ஒண்ணு உண்டு. கர்ப்பிணியைப் பரிசோதிச்சது, கூட நின்னு பாத்த சிக்கலான பிரசவம், தானே எடுத்த சாதாரணப் பிரசவம் 20, எல்லாம் அதுல எழுதி சிஸ்டர் கையெழுத்து வாங்கணும். கையெழுத்து சும்மா கிடைக்காது. நைட் டூட்டியில ஒரு தாய் பக்கத்துல மணிக்கணக்கா உக்காந்து, வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது, பிள்ளை இதயத்துடிப்பு என்ன, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்குன்னு பார்ட்டோகிராஃப்ல, அதாவது பிரசவம் எப்படிப் போகுதுன்னு காட்டுத வரைபடத்துல, புள்ளி வைக்கணும். பிள்ளை வெளிய வந்த ஒரு நிமிஷத்துக்குள்ள கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிக்கதுக்கு ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தசையில போடணும். நஞ்சுக்கொடி முழுசா வந்திருக்கான்னு விரிச்சிப் பாக்கணும், ஒரு துண்டு உள்ள நின்னுட்டாலும் ரத்தம் நிக்காது. அரை லிட்டர் தாண்டுனாலே நாங்க ரத்தப்போக்குன்னு எழுதுவோம். அந்த நேரத்துல வயித்துல கை வச்சி கர்ப்பப்பையைத் தேய்க்கத் தெரிஞ்சவ பக்கத்துல இருக்காளா இல்லையாங்கிறதுலதான் ஒரு உயிர் நிக்கி. கிளாஸ் ரூம்ல உக்காந்து இதைப் படிக்க முடியாது. நீங்க லேபர் வார்டுல இருந்தவங்க, உங்களுக்கே தெரியும்.

பாபநாசம்_வேலு:
எல்லாம் சரிதான் அக்கா. ஆனா எங்க ஆச்சி எந்த சர்டிபிகேட்டும் இல்லாம சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பிரசவம் பாத்தாவ. கூப்பிட்டா ராத்திரி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கிட்டுப் போயிருவாவ. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தைக் கீறத்தான் பாக்காங்க. மருத்துவச்சியை ஒழிச்சிட்டு லைசென்ஸ் குடுத்து என்ன கண்டோம்?

தாமிரபரணி_நர்ஸ்:
ஆச்சி கைப்பழக்கத்தை நான் குறைச்சிச் சொல்ல மாட்டேன் வேலு. ஆனா அவங்க காலத்துல ரத்தப்போக்குல போன தாய்மார் பேரை யாரும் எழுதி வைக்கல. 2018-ல திருப்பூர்ல வீடியோ பாத்து வீட்டிலயே பிரசவம் பாக்கப் போயி ஒரு தாய் செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பாபநாசம்_வேலு:
வீடியோ பாக்கதும் எங்க ஆச்சியும் ஒண்ணா? சிசேரியனுக்குப் பதில் சொல்லுங்க.

சேரன்மாதேவி_அனு:
வேலு அண்ணன் கேக்குததுல நியாயம் இருக்கு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில. அதே கணக்குல சிசேரியன் 44.9 சதவீதம். முதல் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுதோம், ரெண்டாவதை யாரும் பேச மாட்டேங்காங்க. அதுக்குத்தான் ஏற்கனவே 2018 டிசம்பர்லயே மத்திய அரசு மிட்வைஃபரி வழிகாட்டி கொண்டுவந்தது. ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடிச்சி லேபர் ரூம் அனுபவம் இருக்கவங்களுக்கு 18 மாசப் படிப்பு, 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி'. சிக்கல் இல்லாத பிரசவத்தை அவங்களே பொறுப்பெடுத்துப் பாக்கணும்னு திட்டம். செல்வி அதுக்குத்தான் குறி வைக்கணும்.

பாளை_டியூட்டர்:
அனு சொல்வது பதிவு பெற்ற நர்சுகளுக்கு. இந்தப் பெண் இன்னும் ஏ.என்.எம்.கூட இல்லை. முதல் படி ஏறாதவரிடம் மாடியைக் காட்ட வேண்டாம். சிசேரியன் விவாதத்துக்கு வேறு இழை தொடங்குங்கள்.

சேரன்மாதேவி_அனு:
போற வழி எங்க முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் சார் முதல் அடி வைக்க தைரியம் வரும். ஏ.என்.எம்., பெறவு ஜி.என்.எம்., பெறவு இந்த 18 மாசம். நீளம்தான். ஆனா அவங்களுக்கு இந்த வேலையில மனசு இருக்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

பாபநாசம்_வேலு:
18 மாசத்துல குடுக்கதைத்தான் எங்க ஆச்சி 40 வருஷத்துல படிச்சாவ. அவங்களையும் கூட்டி வச்சி கத்துக் குடுத்திருக்கலாம்னுதான் சொல்லுதேன்.

வள்ளியூர்_முத்து:
செல்வி, இருக்கீங்களா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. கட்டிட்டீங்களா?

களக்காடு_செல்வி:
கட்டல. அக்கா சொன்ன ரெண்டு கேள்வியையும் போன்ல கேட்டேன். லிஸ்ட் பத்திக் கேட்டதும் நேர்ல வாங்க பேசிக்கிடலாம்னாங்க. போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரின்னா பதிலே இல்ல. ஏ.என்.எம்.முக்குப் பாக்கேன். டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தாமிரபரணி_நர்ஸ்:
நல்லது தங்கச்சி. சேரப் போற பள்ளி பேரைக் கவுன்சில் லிஸ்ட்ல இந்த வருஷத்துக்குப் பாருங்க, பழைய வருஷ லிஸ்டைக் காட்டுனா ஒத்துக்கிடாதீங்க. டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினலை ஜங்ஷன்காரங்ககிட்ட ஏற்கனவே குடுத்திருந்தா இன்னைக்கே போயி வாங்கிருங்க. தர மாட்டேன்னு சொன்னா இங்க எழுதுங்க, என்ன செய்யலாம்னு பாப்போம்.