டெ கீர் மாதிரி ஒரு எஸ்.ஐ.யை வேலூர்க் கதையில் எழுதுவது எப்படி?

சத்துவாச்சாரி வாசகன்:
சத்துவாச்சாரியில் நடக்கும் கொலைக்கதை எழுதுகிறேன். துப்பறிபவர் முப்பது வயது எஸ்.ஐ., லட்சணமானவர். யான்வில்லெம் வான் டெ வெட்டரிங்கின் ஆம்ஸ்டர்டாம் கதைகளில் வரும் சார்ஜென்ட் டெ கீர்தான் என் மனசில் இருக்கிறார். ஆனால் எழுத எழுத சினிமா ஹீரோ ஆகிவிடுகிறார். டெ கீரின் வசீகரம் எங்கிருந்து வருகிறது?

ராணிப்பேட்டை மேசை:
டெ கீரைத் தனியாகப் பிரிக்காதீங்க. உயரம், மீசை, உடுப்பில் அக்கறை எல்லாம் எடுபடுவது பக்கத்தில் கூட்டாளி போலீஸ்காரர் க்ரைப்ஸ்ட்ரா இருப்பதால்தான். அவர் மூத்தவர், கனத்த உடம்பு, வீட்டில் நிம்மதி இல்லை. ஆபீஸில் அவர் டிரம்ஸ் அடிக்க, இவர் புல்லாங்குழல் ஊதுவார். அந்த இடங்களில்தான் டெ கீரை நமக்குப் பிடித்துப்போகிறது. டெ கீர் வீட்டில் ஒரு பூனை வேறு.

ஆசிரியர் கியோட்டோவில் ஜென் மடத்தில் பயின்றவர், பிறகு ஆம்ஸ்டர்டாம் ரிசர்வ் போலீஸில் இருந்தவர். 1975இல் வந்த முதல் நாவலிலிருந்தே படிங்க.

உங்கள் கதையில் எஸ்.ஐ.யின் அழகை நீங்க சொல்லாதீங்க. டீக்கடைக்காரரோ ஏட்டோ பார்ப்பதாக இரண்டு வரி போதும். துப்பில் பாதியை ஏட்டு கண்டுபிடிக்கட்டும். எல்லாத் துப்பும் எஸ்.ஐ. கையிலேயே சிக்கினால் வசீகரம் பீற்றலாகிவிடும்.

குடியாத்தம் கதிர்:
ஒரு சிக்கல் இருக்கு. அங்கே மூத்தவரான க்ரைப்ஸ்ட்ராவே பதவியிலும் மேல், அதனால் இளையவரைச் சீண்டலாம். நம்மூரில் ஐம்பது வயசு ஏட்டுதான் இளம் எஸ்.ஐ.யை "ஐயா" என்று சல்யூட் அடிக்கணும். ஸ்டேஷனில் அவர் கிண்டல் பண்ணினால் யாரும் நம்ப மாட்டாங்க. பைக்கில் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது, ஜீப்பில் தனியா இருக்கும்போது பேச விடுங்க. ஊர் பார்க்க ஐயா, தனிமையில் "இன்னா தம்பி". இந்த மாற்றத்தை நல்லா எழுதினாலே உறவு நின்னுடும்.

அழகில்லாத ஆளையும் யோசிங்க. பான்ட்யர் எழுதிய இன்னொரு ஆம்ஸ்டர்டாம் போலீஸ் துப்பறிவாளர் டெ காக்குக்குப் பழைய தொப்பி, மழைக்கோட்டு, லோவிச்சே பாரில் கோன்யாக் பிராந்தி, கடைசியில் வீட்டில் சக போலீஸ்காரர்களை உட்கார வைத்து வழக்கை விளக்குவது. இதே பழக்கங்கள் புத்தகத்துக்குப் புத்தகம் திரும்பத் திரும்ப வருவதால்தான் வாசகருக்கு ஒட்டுதல். ஒரே நாவலில் இது பலிக்காது, தொடராக எழுதினால் மட்டும் எடுங்க.

சத்துவாச்சாரி வாசகன்:
தொடர் இல்லை, ஒரே நாவல்தான். அப்போ ஏட்டு வழியே போகிறேன். தூக்கில் தொங்கும் பிணத்தோடு தொடங்கலாமா?

ராணிப்பேட்டை மேசை:
தாராளமா. டெ கீரின் முதல் வழக்கும் அப்படித்தான். ஆனால் எடுத்ததுமே கொலை வழக்கு போட்டுடாதீங்க. சந்தேக மரணம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ஆம் பிரிவில் பதியட்டும், கதை 2024 ஜூலைக்கு முன் என்றால் பழைய சட்டமான சி.ஆர்.பி.சி. 174. உடல் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். கழுத்தைச் சுற்றிக் கிடைமட்டமாகத் தடம் இருந்தால் யாரோ நெரித்திருக்கலாம் என்று சந்தேகம் வரும். தூக்கில் தடம் பெரும்பாலும் சாய்வாக மேலேறும். அதை முதலில் கவனிப்பது ஏட்டாக இருக்கட்டும்.