மிதுரி கருத்தடைக் குளிசை போடுகிறவர்களும் போடப் போகிறவர்களும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

களுவாஞ்சிகுடித் தாய்:
சின்னவனுக்கு மூன்று மாதம் நடந்துகொண்டிருந்தபோது மச்சி தன்னுடைய மிதுரி அட்டை ஒன்றைத் தந்து, "எனக்கு ஒத்துக்கொண்டது, நீயும் போடு" என்றார். பிள்ளை நிறுக்கும் நாளில் அதை மருத்துவமாதுவிடம் காட்டினேன். "தங்கச்சி, பிள்ளை பால் குடிக்கிறதுதானே?" என்று கேட்டவர், அட்டையை அப்படியே எடுத்துவைத்துவிட்டார். இந்தக் குளிசையிலுள்ள ஈஸ்திரோஜன் என்ற ஹோர்மோன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். அதனால் பால் கொடுக்கும் தாய்மாருக்கு முதல் ஆறு மாதம் இந்தக் குளிசை உகந்ததல்ல. பேறு முடிந்த முதல் ஆறு கிழமைகளில் இரத்தம் கட்டியாகும் ஆபத்தும் உண்டு. ஆறு மாதம் முடியும்வரைக்கும் மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டேன்.

பிறகு குடும்பத்திட்டமிடல் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் பார்த்தார்கள். தலைவலி வருமுன் கண்ணில் மின்னல்போல ஒளி தெரியுமா, காலில் இரத்தக்கட்டி வந்ததுண்டா, மார்புப் புற்றுநோய் இருந்ததா என்றெல்லாம் விசாரித்தார்கள். பிரஷர் 140க்கு 90ஐ எட்டினால் வேறு முறைதான். இவ்வளவு கேட்பது தொந்தரவாகத் தெரியலாம். ஆனால் மச்சிக்கு ஒத்தது எனக்கு ஒத்துவருமா என்பதை இந்தக் கேள்விகள்தான் சொல்லும்.

குளிசைகள் வயிற்றில் சேர்ந்து கட்டியாகும் என்று மாமி பயந்தார். அவரையும் அடுத்த முறை கூட்டிப்போனேன், அங்கே விளக்கினார்கள். அட்டையிலுள்ள 28 குளிசைகளில் 21இல் ஹோர்மோன், மற்ற 7இல் இரும்புச்சத்து. ஹோர்மோன் இரத்தத்தில் கலந்து, மாதாமாதம் முட்டை வெளிவராமல் தடுக்கிறது. கருப்பை வாயிலுள்ள சளியும் தடித்து விந்தணுவை மறிக்கிறது. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. மாமிக்கு மனம் ஆறியது இந்தக் கடைசி வார்த்தையில்தான்.

கல்முனையிலிருந்து:
என் தங்கைக்குக் காசநோய் மருந்து தொடங்கியபோது, அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து இந்தக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும் என்று வைத்தியர் சொல்லி வேறு முறைக்கு மாற்றினார். வலிப்பு மருந்துகள் சிலவும் அப்படித்தான். எந்த மருந்து எழுதினாலும் குளிசை போடுவதைச் சொல்லிவிடுங்கள், அக்காமார்.

அம்பாறையிலிருந்து:
மகியங்கனை 18 வளைவில் வாந்தி எடுக்காமல் கண்டிக்குப் போனதே இல்லை நான். குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போடவேண்டும் என்று கிளினிக் மிஸ் சொல்லியிருந்ததால், கைப்பையில் மேலதிக அட்டை வைத்திருப்பேன். ஒரு நாள் தவறினால் நினைவு வந்ததும் போடலாம், அன்று இரண்டானாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ கூடவோ தவறினால், கடைசியாக விட்டதை உடனே போட்டு, ஏழு நாள் ஆணுறையும் பாவிக்க வேண்டும். அது மூன்றாம் கிழமையில் நடந்தால் இரும்புச்சத்துக் குளிசைகளை விட்டுவிட்டு நேரே புது அட்டை.

ஒரு காலின் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்ப் பார்வை மங்கல், பொறுக்கமுடியாத தலைவலி வந்தாலோ அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குளிசை போடுகிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.