பொருள்: ரிப் கரண்ட் – மீளோட்டமா, வெளியிழுவையா?

> ரிப் கரண்டுக்குத் தமிழில் மீளோட்டம் என்றே வைத்துவிடலாமே? அலை கொண்டுவந்த நீர்தானே திரும்பக் கடலுக்குப் போகிறது.

அக்கா, இயற்பியல்படி சரிதான். அலைகள் கரையில் குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒடுங்கிய ஓட்டமாக வெளியேறுகிறது. ஆனால் நாம் எழுதுவது பாடநூல் இல்லையே. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கர்ரி தீவுக்கு (ஃபிரேசர் தீவுதான், 2023இல் பழங்குடியினர் வைத்த பெயரே அதிகாரபூர்வமானது) போகும் குடும்பங்களுக்கான துண்டறிக்கை. அதன் கிழக்குக் கரையில் உயிர்காப்பாளர் காவல் கிடையாது. அங்கே நிற்பவர் ‘மீளோட்டம்’ என்று படித்துவிட்டு, கரைக்கு மீட்டு வரும் ஓட்டம் என்று நினைத்தால்?

‘சுழல்’ வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டாலே அடியில் அமுக்கிவிடும் என்ற பயம்தான் வரும். இது அமுக்குவதில்லை, வெளியே இழுத்துப் போகிறது. பயந்துபோய் நேரே கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் பலர் மூழ்குகிறார்கள். சில வேளை வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரரே திணறுவார். மிதந்தபடி, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக நகர்ந்து ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும்.

ஆகவே ‘வெளியிழுவை’ என்கிறேன். இயற்பியலில் ‘இழுவை’ வேறு பொருளில் புழங்குவது தெரியும். முன்னால் ‘வெளி’ நிற்பதால் குழப்பம் வராது. ‘இழுப்பு’ என்று வைத்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூச்சிரைப்புக்கு மருந்து தேடுவார்கள்!

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சுமத்ரா மறைத்துக்கொள்வதால் பத்து பெரிங்கிக் கடற்கரையில் பெரிய அலைகளைப் பார்ப்பது அரிது. அலை உடைகிற இடம் ஆபத்து, அமைதியான இடம் பத்திரம் என்றுதான் நம் கண் சொல்லும். ஆனால் வெளியிழுவை ஓடும் ஆழமான பள்ளத்தில் அலை அவ்வளவாக உடைவதில்லை. நுரை குறைந்து, நிறம் கருத்துத் தெரியும் அந்தப் பட்டையைத்தான் பத்திரம் என்று நம்பிக் குழந்தைகளை இறக்கிவிடுவோம். சொல்லுக்குப் பக்கத்திலேயே இதைப் படமாகப் போட வேண்டும்.

அப்புறம், கரையோரத்திலேயே மடிந்து ஆளைத் தலைகீழாக மணலில் அறையும் அலைக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. கழுத்தெலும்பு முறிவது அதில்தான். தம்பி எழுதிய ‘குப்புறத்தள்ளி அலை’ எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.