சாம்பல் கலந்த எப்பாக்ஸி கலவை மூன்று நாளாகியும் இறுகவில்லை, எங்கே தப்பு?

கொத்துவேலை_காசிமேடு:
காசிமேட்டில் மீன் தரம் பிரிக்கும் கொட்டகைக்குத் தளம் போடுகிறேன். ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து சிமெண்ட் தளத்தை அரித்து, ஜல்லி வெளியே தெரிகிறது. அதனால் ரெசின் என்ற பிசினையும் ஹார்ட்னர் என்ற இறுக்கியையும் கலந்து போடும் எப்பாக்ஸி தளம் என்று முடிவு செய்தோம். ரெசின் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையச் சாம்பலைக் கலந்தேன். ரெசினும் ஹார்ட்னரும் சேர்ந்து 1 கிலோ, சலித்த மணல் 3 கிலோ, சாம்பல் 2 கிலோ. ரெசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருந்த விகிதப்படி எடை மிஷினில்தான் நிறுத்தேன்.

நாலடிக்கு மூன்றடி மட்டும் சோதனையாகப் போட்டேன். கட்டை விரலை அழுத்தினால் இன்னும் ரேகை பதிகிறது. ஆணியைக் குத்தினால் ஊறின சோப்பில் இறங்குவது போல இறங்குகிறது. மேலே குண்டூசித் துளைகள் வேறு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, அதற்குள் தளம் தயாராக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

ஃபைபர்_ராயபுரம்:
ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. படகுக்கு ஃபைபர் ஒட்டும்போது நான் அப்படித்தான் செய்வேன்.

தளம்_தண்டையார்பேட்டை:
தம்பி, அதைச் செய்யாதீங்க. படகு வேலையில் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதில் ஊற்றுவது வினையைத் தொடங்கி வைக்கிற பெராக்சைடு, ஒன்றிரண்டு சதவீதம்தான். கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும். எப்பாக்ஸி ஹார்ட்னர் அப்படியில்லை, அது ரெசினோடு கைகோத்துச் சேர்கிற மறுபாதி. கூடுதலாக ஊற்றினால் சேர ஆளில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், தளம் இன்னும் மோசமாகும்.

மே மாத வெயில், அதனால் குளிர்ச்சியையும் குறை சொல்ல முடியாது. எனக்குச் சாம்பல் மேல்தான் சந்தேகம். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்குதா?

கொத்துவேலை_காசிமேடு:
நிற்குதுண்ணே. லாரிக்காரர் சாம்பல் குளத்தில் அள்ளினது என்றார். மணலை இரண்டு நாள் வெயிலில் பரப்பினேன். சாம்பல் பொடிதானே என்று அப்படியே போட்டுவிட்டேன்.

தளம்_தண்டையார்பேட்டை:
அங்கேதான் வந்தது வினை. குளத்துக்குச் சாம்பல் தண்ணீரில் கரைத்துத்தான் வருகிறது, மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். 1 கிலோ நிறுத்து இரும்பு வாணலியில் வறுங்க, எடை இனிமேல் குறையாது என்கிற வரைக்கும் வறுத்து மறுபடி நிறுங்க. மாஸ்க் போட்டுக்கங்க, அது நுரையீரலுக்கு ஆகாத தூசு.

கொத்துவேலை_காசிமேடு:
வறுத்தேன். முதல் பத்து நிமிஷம் இட்லிப் பானை மாதிரி ஆவி. கரண்டியால் புரட்டப் புரட்ட அடைஅடையாக இருந்தது உதிர்ந்து, கடைசியில் தண்ணீர் போல வழிந்தது. 1000 கிராம் 868 ஆகிவிட்டது. அப்படியானால் 2 கிலோவில் 264 கிராம் தண்ணீர்! ஒரு கிலோ ரெசின் கலவையில் கால் லிட்டர் தண்ணீரை நானே ஊற்றியிருக்கிறேன்.

ஆய்வகம்_மணலி:
அதுதான் காரணம். ஹார்ட்னரில் இருக்கிற அமீன் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும், ரெசினோடு சரியாகச் சேராது. ரெசின் கலவையில் போடும் எதிலும் ஈரம் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. உங்களுடையது 13-ஐத் தாண்டுகிறது.

முடிந்தால் குளத்துச் சாம்பலை விட்டுவிட்டு, புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிப்பானில் (மின்சாரத்தால் புகைத்தூசைப் பிடிக்கும் கருவி) பிடித்து சைலோ என்ற மூடின தொட்டியில் சேர்க்கும் உலர் சாம்பல் வாங்குங்கள். அதன் துகள்கள் பெரும்பாலும் உருண்டை, கலவை கரண்டிக்கு வழுக்கிக்கொண்டு வரும். குளத்துச் சாம்பலில் கரடும் கலந்திருக்கும். நிறத்தையும் பாருங்கள், கருப்பாக இருந்தால் எரியாத கரி அதிகம். சிமெண்டோடு சேர்க்கிற சாம்பலுக்கு ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தர விதியின் முதல் பகுதி எரிப்பு இழப்பை (சூடாக்கி எரிக்கும்போது குறையும் எடை, பெரும்பாலும் கரி) 5 சதவீதத்துக்குள் வைக்கிறது, உங்கள் வேலைக்கும் அதையே கேட்டு வாங்கலாம். கரி ரெசினை உறிஞ்சும், மிச்சம் பிடித்த ரெசின் அதிலேயே போய்விடும்.

துளைகளுக்குக் காற்றும் காரணம். முதலில் ரெசினையும் ஹார்ட்னரையும் மட்டும் மூன்று நிமிஷம் கலக்குங்கள். அப்புறம் சாம்பலைத் தூவித் தூவி, கடைசியில் மணல். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள்.

மீன் படும் இடம் என்பதால் இன்னொன்று. சாம்பலில் ஆர்சனிக் போன்ற உலோகங்கள் சிறிதளவு உண்டு. நன்றாக இறுகின ரெசினுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இருந்தாலும் மேலே சாம்பல் கலக்காத, உணவுப் பொருள் படும் இடத்துக்கென்றே வரும் எப்பாக்ஸி ஒரு பூச்சு கட்டாயம் போடுங்கள். கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது தளத்துக்குள் அடைபட்டால் எனக்குச் சந்தோஷம்தான், மீனில் போய்ச் சேரக்கூடாது.

தளம்_தண்டையார்பேட்டை:
பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்க, மேலேயே போடாதீங்க. கையுறை இல்லாமல் தொடாதீங்க, பாதி இறுகின எப்பாக்ஸி தோலில் அரிப்பு கொடுத்தால் ஆயுசுக்கும் விடாது. அடித்தளத்திலும் ஈரம் பாருங்க. ஒன்றரை அடிச் சதுரம் பாலித்தீன் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க.

கொத்துவேலை_காசிமேடு:
காகிதக் கப்பில் மூன்று சோதனை போட்டேன். சாம்பல் இல்லாததும் வறுத்த சாம்பல் போட்டதும் மறுநாளே கல். ஈரச் சாம்பல் கப்பில் மட்டும் இன்றைக்கும் நகம் பதிகிறது. பாலித்தீனையும் காலையில் எடுத்தேன், அடியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. பழையதைச் சுரண்டியாயிற்று. உலர் சாம்பலுக்கு ஆள் பார்க்கிறேன், அது வரும்வரை வறுத்து, வறுத்ததும் வாய் கட்டின பையில் போட்டு வைக்கிறேன். அண்ணே, மணலி சார், ரொம்ப நன்றி.