மலை வீட்டுக்கு உயிர்வேலி: உங்கள் அனுபவம் என்ன?

கேத்தியிலிருந்து:

வீடு கட்டி முடித்ததும் வேலிக்கு என்ன வைக்கலாம் என்று தேடினேன். பக்கத்துச் சரிவில் ஒரு முட்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. இலையே முள்தான். வெயில் ஏறினால் பூவில் தேங்காய் வாசம். காட்டுமாடுகூட அதில் முகம் வைக்காது என்றார்கள். சரி என்று ஒரு பக்கம் முழுக்க நட்டேன்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வேலியில் பட், பட் என்று சத்தம். கிட்டே போய்ப் பார்த்தால், காய்ந்த நெற்றுகள் வெடித்து விதை தெறித்துக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு கேரட் பாத்தியில் முளை, கீழே ஓடைக்கரையிலும் முளை. அது கோர்ஸ் (gorse) என்பதும், வெள்ளைக்காரர்கள் வேலிக்கென்றே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து, இன்று நீலகிரியின் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கும் செடி என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். விதை மண்ணுக்குள் 30 வருஷம்கூடக் கிடந்து முளைக்கும். ஆள் வைத்து வேரோடு தோண்டி எடுத்துவிட்டேன், ஆனால் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் நாற்றுப் பிடுங்குகிறேன். ஓடையைத் தாண்டிப் போனதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இப்போது அதே இடத்தில் ஊசிக்களா. இந்த மலையின் சொந்தச் செடி. முள் மூன்று முனையாகப் பிரிந்து நிற்கும், பட்டையைச் சீவினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். பழம் கருநீலமாகப் பழுத்தால் கொண்டைக்குருவிகள் விடியும் முன்பே வந்துவிடும். வளர்த்தி மெதுவாகத்தான் இருக்கும், பொறுக்க வேண்டும். இரண்டு வரிசையாக, இரண்டடிக்கு ஒன்று, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைச் செடி வருமாறு ஜூன் மழையில் வைத்தேன். டிசம்பர் உறைபனிக்குள் வேர் பிடித்துவிட வேண்டும் அல்லவா.

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் வீட்டில் சைப்ரஸ் மர வேலி. சின்ன வயதிலிருந்தே வருஷம் இரண்டு முறை கவாத்து செய்தால் சுவர் மாதிரி நிற்கும். நாங்கள் நாலு வருஷம் விட்டுவிட்டு, ஒரேயடியாக உள்ளே பழுப்புக் கட்டை தெரியும்வரை வெட்டினோம். சைப்ரஸ் பழைய கட்டையில் துளிர்க்காது. அந்த ஓட்டை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பச்சை இருக்கும் இடத்தோடு கத்தரியை நிறுத்துங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா, ஊசிக்களா பழனி மலையிலும் உண்டு. சோலைக்காட்டுச் செடிகளை நர்சரியில் வளர்க்க முடியும் என்று எங்கள் ஊருக்குக் காட்டியவர்கள் வட்டக்கானலில் இருந்த பாப் ஸ்டுவர்ட்டும் தான்யா பல்காரும். அந்த மாதிரி நர்சரியில் கேட்டு வாங்குங்கள், காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அதற்குக் கொஞ்சம் முன்னால் நட்டு, பனிக்காலத்தில் காய்ந்த புல்லை அடியில் பரப்புவோம்.

ஆனால் காட்டுமாட்டை எந்தச் செடியும் நிறுத்தாது. போன தை மாதம் ராத்திரி ஒரு பெரிய காளை, இடுப்புயரம் வளர்ந்திருந்த எங்கள் வேலியை மெதுவாக நெஞ்சால் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதன் மூச்சு கேட்டது. நாங்கள் வீடு கட்டும் முன்பே அது நடந்த தடம் அது. இப்போது அந்த இடத்தில் ஆறடி அகலத்துக்கு வேலியில்லாமல் திறந்து விட்டிருக்கிறோம். வருகிறது, புல் மேய்கிறது, போய்விடுகிறது. மற்ற பக்கம் ஒரு செடியும் ஒடியவில்லை.